யார் பிள்ளை எந்தப் பள்ளியில்: கொங்கு நாட்டின் சாதிக் கணக்கு

2011 ஜூன் மாதம், அப்போது ஈரோடு மாவட்ட ஆட்சியராக இருந்த ஆர். ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தார். மற்றப் பெற்றோரோடு அவரும் வரிசையில் நின்றதும், மகள் சத்துணவே சாப்பிடட்டும் என்று சொன்னதும் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தன. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியில் ஒரு குழந்தை சேர்ந்தது எப்படிச் செய்தி ஆகும் என்று ஈரோட்டில் யாரும் கேட்கவில்லை. ஆட்சியரை விடுங்கள். அரசுப் பள்ளி ஆசிரியரின் பிள்ளையோ கிராம நிர்வாக அலுவலரின் பிள்ளையோ அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாலே அது அதிசயம்தான். நான்கு ஆண்டுகள் கழித்து, அரசு ஊழியர் அனைவரும் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பே எழுதியது. தீர்ப்பு தீர்ப்பாகவே இருக்கிறது.

அமெரிக்காவில் இதே விஷயத்தை நிறத்தை வைத்துக் கேட்பார்கள். பள்ளியில் நிறப் பிரிவினை கூடாது என்று 1954-இல் அங்கே உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, வர்ஜீனியா மாநிலத்துப் பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி 1959-இல் தன் பொதுப் பள்ளிகளையெல்லாம் இழுத்து மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயாராக இருந்தது. கறுப்புப் பிள்ளைகளுக்கு 1964 வரை பொதுப் பள்ளியே இல்லை. தனியார் பள்ளியும் நிறம் பார்த்து இடம் மறுக்கக் கூடாது என்ற தீர்ப்பு 1976-இல்தான் வந்தது. இன்றும் அங்கே தனியார் பள்ளிகளிடம் இன வாரியாகக் கணக்குக் கேட்கிறார்கள். எதிர்த்தெருப் பொதுப் பள்ளியோடு அதை யாரும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கொங்கு நாட்டில் நிறத்தின் இடத்தில் சாதி இருக்கிறது. ஆனால் இங்கே பள்ளிகள் பிரிந்ததற்கு ஒரு தீர்ப்பையோ அரசாணையையோ காரணமாகக் காட்ட முடியாது. வாசலில் பலகை மாட்டி யாரையும் தடுக்க வேண்டியிருக்கவில்லை. கட்டணமும் வேனும் ஆங்கிலமும் சேர்ந்து அந்த வேலையைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டன. அரசின் புள்ளிவிவரங்களும் சரி, அரசு வைத்திருக்கும் பரிகாரங்களும் சரி, இந்தப் பிரிவைப் பார்க்க முடியாதபடியே அமைந்திருக்கின்றன என்பது என் வாதம்.

நிஜமாகவே நிறம் பார்த்த பள்ளிகளும் இந்த வட்டாரத்தில் இருந்தன. கோவையில் காப்பித் தொழிலும் பஞ்சாலைத் தொழிலும் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் 1862-இல் தொடங்கிய பள்ளி ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கானது. அதற்கு நாலு வருஷம் முன்பு நீலகிரி மலைமேல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி பிரிட்டிஷ் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கானது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வகைப் பள்ளிகளின் கதவைத் திறந்தது அரசியலமைப்பின் 337-ஆம் பிரிவு. மானியம் வேண்டுமானால் ஆண்டுதோறும் சேரும் மாணவரில் 40 சதவீத இடத்தைப் பிற சமூகத்தாருக்குத் திறந்துவிட வேண்டும் என்று அது சொன்னது. திறந்த கதவு வழியாக யார் உள்ளே போனார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஆலை முதலாளி, வக்கீல், டாக்டர், மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் போனார்கள். ஆங்கிலம் வழியாகப் படிப்பதுதான் மேலான படிப்பு என்ற எண்ணம் கோவையில் வேர்பிடித்த இடங்களில் இதுவும் ஒன்று.

மறுமுனையில், தாழ்த்தப்பட்டோருக்கென்று சென்னை மாகாண அரசின் தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகள் இருந்தன. அவைதான் பெயர் மாறி மாறி இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக நிற்கின்றன. சாதி பெயரால் பள்ளி நடத்துவதை நிறுத்துங்கள் என்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் அரசுக்குச் சொன்னது இவற்றையும் சேர்த்துத்தான்.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு பொதுவெளி கொஞ்ச காலம் இருந்தது. ஜில்லா போர்டு உயர்நிலைப் பள்ளி, பஞ்சாயத்து யூனியன் பள்ளி, தருமக் கட்டளைகள் நடத்திய உதவிபெறும் பள்ளி ஆகியவை அந்த வெளி. அதைக் கட்டியவர்களில் கொங்கு நாட்டார் இருவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1930-இல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கிய தி.சு. அவினாசிலிங்கம் 1946 முதல் மூன்றாண்டு சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்து உயர்நிலைப் பள்ளியில் தமிழைப் பயிற்றுமொழி ஆக்கினார். பொள்ளாச்சிக்குப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரரான சி. சுப்பிரமணியம், காமராஜர் அமைச்சரவையில் கல்வியைக் கவனித்தார். பண்ணையக்காரர் மகனும் பண்ணையாளின் மகனும் ஒரே வாத்தியாரிடம் படித்த தலைமுறை அவர்கள் காலத்தில் உருவானது.

அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரே கூரைக்குக் கீழேயும் தனிப் பலகை, தனித் தண்ணீர், கை படாமல் வாங்கும் சிலேட்டு என்று எல்லாம் இருந்தன. பெருமாள்முருகன் தொகுத்து 2013-இல் வந்த ‘சாதியும் நானும்’ நூலில் மாணவர்களும் நண்பர்களும் சாதியைச் சந்தித்த கதையைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள். வீடும் கடையும் பள்ளியும் வேறு வேறு முகத்தோடு அதே பாடத்தை நடத்தியது அதில் தெரியும். ஆனாலும் அவமானம் நடந்த அந்த அறையில் இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. பையன் சண்டை போட எதிரில் ஒருவன் இருந்தான், சில சமயம் சிநேகத்துக்கும் இருந்தான்.

அந்தப் பொதுவெளியிலிருந்து ஒரு பக்கம் மட்டும் எழுந்து போனது 1970-களின் கடைசியில் தொடங்கியது. 1975-இல் கொங்கு வேளாளர், அதாவது கவுண்டர்கள், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்ந்தார்கள். பல்கலைக்கழகங்களின் கீழ் கைவிரல் விட்டு எண்ணும்படி இருந்த மெட்ரிகுலேசன் பள்ளிகளை மாநில அரசு தன் பொறுப்பில் எடுத்து, 1978-இல் தனி விதித்தொகுப்பு தந்தது. இரண்டும் வேறு வேறு காரியம். கொங்கு நாட்டில் அவை கைகோத்துக்கொண்டன. கல்லூரி இடத்துக்கு இடஒதுக்கீடும், அந்த இடத்தை எட்டிப் பிடிக்க ஆங்கில வழிப் பள்ளியும் ஒரே தலைமுறைக்கு ஒன்றாகக் கிடைத்தன. கையில் காசும் இருந்தது. கிணற்றுப் பாசனம் பம்புசெட்டுக்கு மாறி, பருத்தியும் மஞ்சளும் விளைந்து, விசைத்தறி, பனியன் கம்பெனி, சங்ககிரி லாரி, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக்கு, நாமக்கல் கோழிப்பண்ணை என்று பணம் பெருகிய காலம் அது. பங்குதாரர்களாகச் சேர்ந்து தொழில் நடத்துவது இந்த மண்ணின் வழக்கம். நாலு பேர் சேர்ந்து ரிக்கு வாங்குவதுபோல நாலு பேர் சேர்ந்து பள்ளிக்கூடம் கட்டினார்கள். உறவும் நிலமும் கடன் நம்பிக்கையும் ஒரே சாதிக்குள் சுற்றும்போது பங்கும் அதற்குள்தான் சுற்றும்.

வேனின் வேலை புரிய வேண்டுமானால் கொங்கு ஊர்களின் அமைப்பைப் பார்க்க வேண்டும். காவிரி டெல்டாவைப் போல வீட்டோடு வீடு ஒட்டிய தெருக்களில் இங்கே குடியானவர்கள் நெருங்கி வாழ்வதில்லை. கிணறு, கிணற்றைச் சுற்றித் தோட்டம், தோட்டத்துக்குள்ளேயே வீடு. ஊர் என்பது ஒரு மாரியம்மன் கோயில், சில தெருக்கள், மளிகைக் கடை, ஆசாரியும் வண்ணாரும் நாவிதரும் குடியிருக்கும் வீடுகள். ஊருக்குத் தள்ளி அருந்ததியர் வளவு. அரசுக் காகிதத்தில் அது காலனி என்று ஏறியது. அரசுத் தொடக்கப் பள்ளி ஊருக்குள்ளோ ஊரை ஒட்டியோ இருக்கும். முன்பு தோட்டத்துப் பிள்ளைகள் இட்டேரி வழியாக நடந்து அங்கேதான் வந்தார்கள். இன்று காலை ஏழே காலுக்கு மஞ்சள் வேன் அந்த இட்டேரிக்குள் புகுந்து, ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும் ஆரன் அடித்து நிற்கிறது. டையும் ஷூவுமாக ஒரு பிள்ளை ஏறும். வேன் ஊரைத் தாண்டிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய்விடும். காலனிப் பிள்ளைகள் ஒன்பது மணிக்கு நடந்து ஊர்ப் பள்ளிக்கு வருவார்கள். ஒரே வயதுப் பிள்ளைகள், ஒரே ஊர். வழியில்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. தோட்டத்துக்குப் பெற்றோர் வேலைக்குப் போகும்போது உடன் போன பிள்ளை மட்டும் மற்றதைப் பார்க்கும்.

வேன் வந்த பிறகு ஊர்ப் பள்ளி மெலிந்தது. இருபது முப்பது பிள்ளைகளோடு ஈராசிரியர் பள்ளியாக நிற்பவை ஏராளம். ஜூன் மாதம் ஆசிரியர்கள் பதாகை பிடித்துத் தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளை கேட்கிறார்கள். தோட்டத்து வீடுகளுக்குப் போனால் மரியாதையாக மோர் கிடைக்கும், பிள்ளை கிடைக்காது. கடைசியில் சேர்வது காலனிப் பிள்ளைகளும் ஊரின் சிறுபான்மைச் சாதியார் பிள்ளைகளும்தான். “அது காலனிப் பள்ளிக்கொடமுங்க” என்று ஊரே பெயர் வைத்துவிடும். அதன் பிறகு, ஓரளவு வசதி உள்ள எந்தச் சாதியாரும் அங்கே சேர்க்கத் தயங்குவார்கள். தரம் குறைந்ததால் போனார்களா, யாரோடு பிள்ளை உட்கார வேண்டும் என்று பார்த்துப் போனார்களா என்று பிரித்துச் சொல்வது கடினம். கேட்டால் எல்லோரும் சொல்வது “இங்கிலீசு” என்ற ஒரு காரணம்தான். அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவு தொடங்கினார்கள். 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி.யும் வந்தன. வேன் காலியாகவில்லை. இங்கிலீசு மட்டுமே காரணம் என்றால் கொஞ்சமாவது திரும்பியிருக்க வேண்டாமா?

எத்தனை பேர் எங்கே படிக்கிறார்கள் என்பதற்கு நாடளவிலான கணக்கு இருக்கிறது. 2025-இல் வெளிவந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி பள்ளி செல்வோரில் 55.9 சதவீதம் பேர் அரசுப் பள்ளியில் இருக்கிறார்கள். கிராமத்தில் இது 66 சதவீதம், நகரத்தில் 30.1 சதவீதம். அரசுப் பள்ளி மாணவருக்குக் குடும்பம் ஆண்டுக்குச் செலவழிப்பது சராசரி 2,863 ரூபாய், மற்றப் பள்ளிகளில் 25,002 ரூபாய். சாதிக் கணக்கு என்று வரும்போதுதான் சிக்கல். பள்ளிகள் ஆண்டுதோறும் ஒன்றிய அரசுக்குத் தரும் ‘யுடைஸ்’ தகவலில் பொது, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. என நான்கே கட்டங்கள். கோவை மாவட்டத்தில் ஓ.பி.சி. கட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐம்பது ஏக்கர் தோட்டமும் இரண்டு ஸ்பின்னிங் மில்லும் வைத்திருக்கும் கவுண்டர் வீட்டுப் பிள்ளை இருக்கிறது. அந்தத் தோட்டத்துத் துணி வெளுத்த வண்ணார் வீட்டுப் பிள்ளையும் அதே கட்டத்தில் இருக்கிறது. தனியார் பள்ளியில் ஓ.பி.சி. பிள்ளைகள் நிறைய என்று கணக்குச் சொன்னால், பிற்படுத்தப்பட்டோர் முன்னேறிவிட்டார்கள் என்று படிக்கத் தோன்றும். நிலம் உள்ள சாதி முன்னேறியதையும், நிலம் இல்லாத சாதி பின்தங்கியதையும் ஒரே எண் மூடி வைத்திருக்கிறது.

எஸ்.சி. கட்டத்துக்குள்ளும் அதே கதைதான். தமிழகத்து எஸ்.சி. பட்டியலில் மேற்கு மாவட்டங்களில் நிறைந்திருப்பவர்கள் அருந்ததியர். பலர் வீட்டில் பேசுவது தெலுங்கு அல்லது கன்னடம். பண்ணையாளாகவும் துப்புரவுப் பணியிலும் கட்டுண்டு கிடந்த அவர்கள் மற்றப் பட்டியல் சாதியினரைவிடவும் கல்வியில் பின்னால் நின்றார்கள். நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரையில் 2009-இல் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது அதனால்தான். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆக்ஸ்போர்டு பொருளியலாளர் ஜூடித் ஹேயர் 1980-களின் தொடக்கத்தில் கோவைப் பக்கத்து ஊர்களில் ஆய்வு தொடங்கி, பல ஆண்டுகள் கழித்தும் அதே ஊர்களுக்குத் திரும்பி வந்தார். ரேசனும் சத்துணவும் பள்ளியும் அருந்ததியர் வாழ்வை உயர்த்தியிருப்பதை அவர் பதிவு செய்தார். நிலம் உள்ளவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே இருந்த தூரம் மட்டும் அப்படியே இருந்தது.

எல்லாக் கவுண்டர் பிள்ளைகளும் வேன் ஏறிவிடவில்லை. இதைச் சொல்லாவிட்டால் படம் பொய்யாகிவிடும். மானாவாரி நிலம் மட்டும் வைத்திருப்பவர், பனியன் கம்பெனியில் தையல்காரராக இருப்பவர் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் அரசுப் பள்ளியில் இருக்கிறார்கள். 2018 ஜூலையில் அவிநாசிக்குப் பக்கத்துத் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சமையலராக வந்தபோது, அவர் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றியதுதான். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு உத்தரவு ரத்தானது, வன்கொடுமை வழக்கும் பதிவானது. 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டாண்டு சிறை விதித்தது. இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்று. பணம் உள்ளவர் இந்தச் சண்டைக்கு வரவே வேண்டியதில்லை. யார் சமைத்தார், பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்ற கேள்வி எழாத இடத்துக்கு அவர் கட்டணம் கட்டிவிட்டார். கட்ட முடியாதவர் தெருவில் இறங்குகிறார், செய்தியாகிறார், சிறைக்கும் போகிறார். தீண்டாமை ஏழைச் சாதி இந்துவின் குணம் என்று நகரத்தில் இருப்பவர்கள் சௌகரியமாக நினைத்துக்கொள்கிறோம்.

நாமக்கல் பள்ளிகளைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது. பிராய்லர் பள்ளி என்று பெயர் வாங்கியவை. பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தி மாநில முதலிடங்களை அள்ளியவை. 2017-இல் அரசு தரவரிசை அறிவிப்பதை நிறுத்திப் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு அவையே பெரிய காரணம். சாதிக் கணக்கில் அவை கொஞ்சம் வேறு மாதிரி. மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் விடுதிக்கு வந்ததால் வகுப்பறை கலவையாகவே இருந்தது. நன்றாகப் படிக்கும் ஆதிதிராவிட மாணவரைத் தேர்ந்தெடுத்து, அரசே கட்டணம் கட்டித் தரமான தனியார் பள்ளியில் சேர்க்கும் திட்டமும் உண்டு. தன் பள்ளியில் படித்த சிறந்த பிள்ளையை அரசே தனியாருக்கு அனுப்பிவைப்பதைக் குறை சொல்லலாம். அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் போய்ச் சொல்ல முடியாது.

பிரிவை உடைக்க வந்த ஒரே சட்டம் 2009-இன் கல்வி உரிமைச் சட்டம். சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் தர வேண்டும், கட்டணத்தை அரசு கொடுக்கும். பேச்சு வழக்கில் “ஆர்.டி.இ. சீட்டு”. இந்தச் சட்டத்தைத் தமிழ்நாடு எழுதிக்கொண்ட விதத்தில்தான் கூர் மழுங்கியது. வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு என்பதற்குள் எஸ்.சி., எஸ்.டி.யோடு பி.சி., எம்.பி.சி. எல்லோரையும் சேர்த்தார்கள். இரண்டு லட்ச ரூபாய் வருமான வரம்பு நலிந்த பிரிவுக்குத்தான், இவர்களுக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.யைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு பேர்? ஆக, ஏறக்குறைய எல்லோருக்கும் திறந்த ஒதுக்கீடு அது. ஒரு கிலோமீட்டர் தூர விதி வேறு. பெரிய தனியார் பள்ளிகள் நெடுஞ்சாலை ஓரத்திலும் புறநகர்த் தோட்டங்களுக்கு நடுவிலும் இருக்கின்றன. ஒரு கிலோமீட்டருக்குள் எந்தக் காலனி இருக்கிறது? விண்ணப்பம் இணையவழி. அதைத் தெரிந்து, சான்றிதழ் எடுத்து, ஏப்ரலில் முந்திக்கொள்பவர் யார் என்றும் நமக்குத் தெரியும். குலுக்கலில் பெயர் விழுந்தாலும் புத்தகம், சீருடை, வேன் என்று பள்ளி வசூலிப்பது தனி. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததைக் காட்டி ஒன்றிய அரசு நிதியை நிறுத்தியதால் 2025-26 சேர்க்கையே தொங்கியது. நிதி வந்து அறிவிப்பு வெளியானது பாதி ஆண்டு போன அக்டோபரில். அதுவும், ஏற்கெனவே அந்தப் பள்ளிகளில் சேர்ந்திருந்த பிள்ளைகளிலிருந்தே தகுதியானவரைப் பொறுக்கச் சொல்லித்தான். பணம் கட்டிச் சேர முடிந்தவருக்கே பணம் இல்லாதவரின் ஒதுக்கீடு போய்ச் சேர்ந்தது.

தனியார் பள்ளிக்குள் ஏழையைக் கொண்டுபோக முடியாத அரசு, வேறு பக்கமாக ஒரு காரியம் செய்தது. நீதிபதி கலையரசன் ஆணையப் பரிந்துரையில் 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீதம் ஒதுக்கியது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டத்துக்கும் அது விரிந்தது. 2022-இல் அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் கோவை அரசு கலைக் கல்லூரியில் மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தன. எந்தப் பள்ளியில் படித்தாய் என்பது, எந்தச் சாதி என்பதற்கு அடுத்த அடையாளமாகச் சட்டத்தில் ஏறிவிட்டது. வகுப்பறையில் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்பதை அரசு எண்ணிச் சொன்னதில்லை. ஆனால் இந்த ஒதுக்கீடு, அதை அரசு நன்றாகவே அறியும் என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலம். எனக்கு இதில் உடன்பாடுதான். ஒரு விளைவை மட்டும் சொல்ல வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் கணவன் மனைவி இருவரும் ஓவர்டைம் பார்த்து, பிள்ளையைச் சந்துக்குள் இருக்கும் சிறிய மெட்ரிக் பள்ளியில் சேர்க்கும் அருந்ததியர் குடும்பம் இன்று அபூர்வம் இல்லை. அந்தப் பள்ளியின் ஆங்கிலம் அரசுப் பள்ளியைவிட மேலாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பிள்ளை ஆறாம் வகுப்பு முதல் அங்கேயே படித்துவிட்டால் 7.5 சதவீதம் கையை விட்டுப் போகும். தனியார் பள்ளி என்ற ஒரே சொல்லுக்குள் நீச்சல் குளம் வைத்த சர்வதேசப் பள்ளியும் தகரக் கூரை போட்ட நர்சரியும் இருக்கின்றன.

திருப்பூரிலும் கோவைப் புறநகரிலும் அரசுப் பள்ளியில் இப்போது புதிதாக ஒரு வரிசை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர் பிள்ளைகள். தமிழ் எழுத்தை அவர்கள் ஆசிரியரிடம் கற்கிறார்கள், பேச்சைப் பக்கத்துப் பெஞ்சில் கற்கிறார்கள். நிறத்தையும் மொழியையும் வைத்து இங்கே ஒரு கணக்கு எடுத்தால் அதுவும் அரசுப் பள்ளியில்தான் போய் நிற்கும்.

பள்ளியில் பிரிந்த பிள்ளைகள் பெரும்பாலும் முதல் தடவையாக ஒரே அறையில் உட்காருவது பதினெட்டு வயதில், இடஒதுக்கீட்டின் தயவில், பொறியியல் கல்லூரியில். அந்தச் சந்திப்பை இந்த வட்டாரத்துச் சாதி அமைப்புகள் எப்படிப் பார்த்தன என்பதற்கு 2015 ஜூன் சாட்சி. தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன்படித்த கவுண்டர் பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தபோது, அப்படியொரு அமைப்பின் ஆட்களால் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. வேன் தோட்டத்து வாசலுக்கே வந்து பெண் பிள்ளையை ஏற்றி இறக்குவதைப் பாதுகாப்பு என்று பெற்றோர் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் சாலை விபத்துப் பயம் மட்டும் இல்லை.

கோவையில் 2022-இல் ஒரு தகப்பன் தன் மகளின் சேர்க்கைப் படிவத்தில் சாதி, மதம் இரண்டையும் காலியாக விட்டார். பல பள்ளிகள் ஏற்கவில்லை. விரும்பாதவர் சாதியைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று 1973-லேயே அரசாணை இருக்கிறது. கடைசியில் தாசில்தாரிடம் சாதியும் மதமும் இல்லை என்று சான்றிதழ் வாங்கினார். சாதியைப் படிவத்தில் கேட்பதில் இவ்வளவு கறாராக இருக்கும் நாம், சேர்ந்த பிள்ளைகளின் கணக்கை ஊருக்குச் சொல்வதில்லை. மாநிலத்தின் ‘எமிஸ்’ பதிவேட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் தனியார் பள்ளிப் பிள்ளைக்கும் தனித்தனி எண் இருக்கிறது, அதன் பக்கத்தில் சமூகப் பிரிவும் இருக்கிறது. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் கேட்கப் போகிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை கொங்கு வேளாளர், எத்தனை அருந்ததியர், எத்தனை வண்ணார் என்று அப்போது தெரிந்துவிடும். ஆனால் 2011 கணக்கெடுப்புப் படிவம் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று மட்டும்தான் கேட்டது. அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைச் சேர்க்காமல் விட்டால், ஊரில் யார் எத்தனை பேர் என்பது ஒரு அலுவலகத்திலும், யார் எந்தப் பள்ளியில் என்பது இன்னொரு அலுவலகத்திலும் ஒன்றோடொன்று சேராமல் கிடக்கும்.